ஹைட்ரஜன் ஆலையில் எந்திரத்துக்கு என்ன வேலை?

(தூத்துக்குடியில் பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் தொழிற்சாலைப் பணியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1923ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கேம்பிரிட்ஜில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர் ஓர் உரை நிகழ்த்தினார். நிலக்கரியும் எண்ணெயும் தீர்ந்த பிறகு இங்கிலாந்து எதை நம்பி வாழும் என்ற கேள்வியை அதில் எழுப்பி, பதிலையும் அவரே சொன்னார். நாடெங்கும் உலோகக் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். காற்று பலமாக வீசும்போது மிஞ்சுகிற மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். அதைத் திரவமாக்கி, வெப்பம் புகாத தொட்டிகளில் நிலத்தடியில் சேமிப்பார்கள். காற்று ஓய்ந்த நாட்களில் அந்த ஹைட்ரஜன் மறுபடி மின்சாரமாகும். இதே ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்தார், இந்தியக் குடிமகனானார், 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

அவர் பேசி நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் வருணித்த காற்றாலை வரிசையை இங்கிருந்து ஒரு பேருந்து ஏறினால் கயத்தாறில் பார்க்கலாம், முப்பந்தலில் பார்க்கலாம். ஆனால் அந்தக் காற்றில் விளைந்த ஹைட்ரஜனைத் தொட்டி தொட்டியாகச் சேமிக்கும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை. ஏன் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது புரியாமல் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் ரோபோக்களைப் பற்றியும் பேசுவதில் பயனில்லை.

வேதியியல் நமக்குப் புதிதல்ல. 1800ஆம் ஆண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மின்சாரம் செலுத்தித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1839 வாக்கில் வில்லியம் குரோவ் அதைத் திருப்பிச் செய்தார். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுத்தார். இன்றைய எரிபொருள் மின்கலத்தின் மூதாதை அதுதான்.

இடறுவது கணக்கில். ஒரு கிலோ ஹைட்ரஜனில் நாம் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட். அந்த ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து எடுக்க இன்றைய ஆலைகளில் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. எடுத்த பிறகு அழுத்தவோ குளிர்விக்கவோ மேலும் மின்சாரம் வேண்டும். திரவமாக்குவதென்றால் மைனஸ் 253 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் உலகம் இன்று ஓராண்டில் பயன்படுத்தும் ஹைட்ரஜன் ஒன்பதரைக் கோடி டன்னுக்கு மேல் இருந்தாலும், அதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. கரிப்புகை குறைவான வழிகளில் வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் 9 கிலோவுக்கும் மேல் கார்பன் டையாக்சைடு வெளியேறுகிறது. உரத்துக்கும் பெட்ரோலியச் சுத்திகரிப்புக்கும் நாம் இன்று பயன்படுத்துவது இந்த ஹைட்ரஜனைத்தான்.

ஆக, காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தால் எடுக்கும் பசுமை ஹைட்ரஜனுக்குத் தடை இரண்டு. ஒன்று விலை. மற்றது நம்பகம், அதாவது ஆலை நின்றுவிடாமல், கசியாமல், யாரையும் காயப்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுவது. செயற்கை நுண்ணறிவையும் ரோபோவையும் இந்த இரண்டு தடைகளுக்கு முன்னால் நிறுத்தித்தான் நான் எடை போடுவேன். எங்கே மனிதக் கையும் கண்ணும் பொறுமையும் போதவில்லையோ அங்கே எந்திரத்தை விடுவோம். எங்கே ஒரு தவறு உயிரைப் பறிக்குமோ அங்கே கற்றுக்கொள்ளும் எந்திரத்திடம் கடைசிப் பூட்டைக் கொடுக்கக் கூடாது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி ஒவ்வோர் இடமாகப் போவோம்.

முதலில் ஆய்வுக்கூடம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கூப்பர் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2020 ஜூலையில் அந்தக் குழு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. முதல் ஆசிரியர் பெஞ்சமின் பர்கர். ஆய்வுக்கூடத்தில் நடமாடும் ரோபோ ஒன்று செய்த வேதியியல் ஆய்வுதான் அதன் பொருள். உயரம் 1.75 மீட்டர், எடை 400 கிலோ, சக்கரங்களின் மேல் ஒரு கை. மனிதர்களுக்காக வைத்த அதே மேசைகளுக்கு இடையில் போய்வந்து, அதே கருவிகளை இயக்கி வேலை செய்தது. அது தேடியது சூரிய ஒளியால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையூக்கிக் கலவை.

இந்தத் தேடலுக்குப் பழைய கதை உண்டு. 1972இல் ஜப்பானில் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டையாக்சைடின் மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று அறிவித்தார்கள். மின்சாரமே இல்லாமல் வெயிலிலிருந்து நேரடியாக எரிபொருள் என்ற ஆசை அன்று பிறந்தது. அன்றுமுதல் எத்தனையோ ஆய்வாளர்கள் எத்தனையோ பொருள்களைக் கலந்து பார்த்துவிட்டார்கள். கலந்து, குலுக்கி, காற்றை வெளியேற்றி, மூடி, ஒளி காட்டி, வந்த வாயுவை அளந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் செய்து ஒரு முனைவர் பட்டக் காலமே கழிந்துபோன மாணவர்கள் உண்டு.

லிவர்பூல் ரோபோ அதை 8 நாட்கள் செய்தது. மின்கலத்தை நிரப்பிக்கொள்ளும் நேரம் போக, ஒரு நாளைக்கு 21 மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. 688 சோதனைகளை நடத்தியது. அதன் முன் பத்து மாறிகள் இருந்தன: எந்தப் பொருளை எவ்வளவு சேர்ப்பது என்ற பத்து கேள்விகள். அவற்றை எல்லா வகையிலும் கலந்தால் 9 கோடியே 80 லட்சத்துக்கு மேல் கலவைகள் வரும். அவற்றில் 688ஐ மட்டும் செய்து, தொடங்கிய கலவையைவிட ஆறு மடங்கு அதிக ஹைட்ரஜன் தரும் கலவையைக் கண்டெடுத்தது.

எப்படி முடிந்தது? ரோபோவின் கைக்கு வழிகாட்டிய கணித முறைக்குப் பேயஸ் வழி உகப்பாக்கம் என்று பெயர். நம் ஊரில் போர்வெல் போட இடம் பார்ப்பவர் என்ன செய்வார்? தண்ணீர் கிடைத்த கிணறுகளுக்குப் பக்கத்தில் ஒன்று போட்டுப் பார்ப்பார். அதே சமயம் யாரும் தொடாத மூலையிலும் எப்போதாவது ஒன்று போட்டுப் பார்ப்பார். பக்கத்திலேயே போட்டுக்கொண்டிருந்தால் நல்ல ஊற்று வேறெங்கோ தப்பிப்போகும். கண்ட இடத்தில் போட்டால் பணம் கரையும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு துணிவது என்பதை ஒவ்வொரு சோதனை முடிந்ததும் புதிதாகக் கணக்கிடுவதுதான் அந்த முறை. சாயப்பொருள்கள் பயன் தரவில்லை, தடையாகவே இருக்கின்றன என்பதை ரோபோ சில நாட்களிலேயே அறிந்து விட்டுவிட்டது. எல்-சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் உதவுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றித் தேடியது.

இன்னொரு நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. இந்த ரோபோ கேமரா கொண்டு பார்த்து நடக்கவில்லை. லேசர் கதிரால் இடத்தை அளந்தும் தொட்டு உணர்ந்தும்தான் நடந்தது. எனவே விளக்கே இல்லாத இருட்டறையிலும் அதனால் வேலை செய்ய முடியும். ஒளி பட்டால் மாறிவிடும் வேதிப்பொருள்களை ஆராய்வதற்கு இருட்டு எவ்வளவு பெரிய வசதி என்பது வேதியியல் மாணவர்களுக்குத் தெரியும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கலாம், ஏன் சேர்க்கலாம் என்ற கருதுகோள்களைத் தந்தவர்கள் மனிதர்கள். அந்த வேலியைத் தாண்டி ரோபோ போகவில்லை. தவிர, எல்-சிஸ்டைன் அந்த வினையில் செலவாகிப்போகும் ஒரு துணைப்பொருள். வெறும் தண்ணீரையும் வெயிலையும் கொண்டு மலிவாக ஹைட்ரஜன் எடுக்கும் நாள் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. ஜப்பானில் கசுனாரி டோமென் குழுவினர் 100 சதுர மீட்டர் பரப்பில் ஒளி வினையூக்கித் தகடுகளை வெட்டவெளியில் நிறுவி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வெயிலில் இருந்த ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம். என் கணிப்பில், அடுத்த பல ஆண்டுகளுக்கு நம்முடைய வழி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புதான்.

மின்னாற்பகுப்பிலும் வினையூக்கிதான் தலைவலி. காற்றாலையின் ஏற்ற இறக்கத்துக்கு உடனுக்குடன் ஈடுகொடுப்பது புரோட்டான் பரிமாற்றப் படலம் கொண்ட கலம். அதன் ஒரு மின்முனைக்கு இரிடியம் வேண்டும். பூமியில் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் ஏழெட்டு டன். பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினம் தோண்டும்போது உடன் வருவது. விலை ஏறினால் உற்பத்தியைக் கூட்டிவிடலாம் என்பதற்கும் வழியில்லை. ஒரு கிகாவாட் திறனுக்குச் சில நூறு கிலோ இரிடியம் போகிறது. உலக நாடுகள் அறிவித்திருக்கும் இலக்குகளை இதனோடு ஒப்பிட்டால் இரிடியத்துக்கு மாற்று தேடுவது எவ்வளவு அவசரம் என்பது விளங்கும்.

அங்கேதான் கணிப்பொறியின் துணை வருகிறது. ஒரு பொருளின் மேற்பரப்பில் ஒரு மூலக்கூறு எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதைக் குவாண்டம் விதிகள் கொண்டு கணக்கிடலாம். ஆனால் ஒரே ஒரு கணக்குக்கு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் கணிப்பொறி உழைக்க வேண்டும். 2020 அக்டோபரில் பேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓபன் கேட்டலிஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கின. அப்படிப்பட்ட கணக்குகளை 26 கோடிக்கு மேல் செய்து, விடைகளை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள். அந்தத் தரவில் பயிற்சி பெற்ற நிரல் புதிய பொருளுக்கான விடையை நொடிகளில் ஊகிக்கிறது. தப்பும் செய்கிறது, ஆனால் ஆயிரம் பொருள்களில் எந்த ஐம்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் அளவுக்குப் பயன்படுகிறது. தரவைப் பொதுவில் வைத்ததால், திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியும் அதே தரவிலிருந்து தொடங்க முடியும். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உரையின் முடிவில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஏ-லேப் என்ற தானியங்கி ஆய்வுக்கூடம், 17 நாட்களில் 58 புதிய பொருள்களை முயன்று 41ஐச் செய்து முடித்ததாக அறிவித்தது. உலகச் செய்தியாயிற்று. பிறகு ராபர்ட் பால்கிரேவ், லெஸ்லி ஷூப் உள்ளிட்ட வேதியியலாளர்கள் அந்தப் பொருள்களின் எக்ஸ்-கதிர் அளவீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, புதிய பொருள் என்று ஏற்கத்தக்கது அதில் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். கிடைத்ததைப் படித்துச் சொன்ன நிரல்தான் பிசகியது என்பது அவர்கள் வாதம். செய்வதை வேகப்படுத்தினால் சரிபார்ப்பதையும் அதே அளவுக்குப் பலப்படுத்த வேண்டும். சரிபார்க்கத் தெரிந்த வேதியியலாளருக்கான தேவை இனி கூடும், குறையாது.

இனி ஆலைக்குள் போவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நாம் நிற்கும் இந்த மண்ணுக்கு நேரடியாகப் பொருந்தும் சிக்கல் இது.

தண்ணீரைப் பிரிக்கும் கலத்தில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். நடுவில் ஒரு மெல்லிய படலம். எந்தப் படலமும் முழுக்க அடைப்பதில்லை. கொஞ்சம் ஹைட்ரஜன் அந்தப் பக்கம் நுழையும், கொஞ்சம் ஆக்சிஜன் இந்தப் பக்கம் வரும். ஆலை முழுத் திறனில் ஓடும்போது வாயு ஏராளமாக வருவதால் இந்தக் கலப்படம் நீர்த்துப்போய்விடும். மின்சாரம் குறையும்போதுதான் ஆபத்து. உற்பத்தி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் படலத்தைக் கடந்து வரும் அளவு அதே விகிதத்தில் குறைவதில்லை. எனவே கலப்பு விகிதம் ஏறும். ஆக்சிஜனில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டால் வெடிக்கும் கலவை. அதனால் 2 சதவீதத்திலேயே ஆலையை நிறுத்திவிடுவது வழக்கம். சீரான மின்சாரத்தில் ஓடிய பழைய ஆலைகளுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. காற்றையும் வெயிலையும் நம்பி ஓடும் ஆலைக்கு இது அன்றாடக் கவலை.

2019 மே 23ஆம் தேதி தென்கொரியாவின் காங்னுங் நகரில், சூரிய மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுத்துச் சேமிக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் தொட்டிகள் வெடித்தன. 2 பேர் இறந்தார்கள், 6 பேர் காயமடைந்தார்கள். ஹைட்ரஜன் தொட்டிக்குள் ஆக்சிஜன் வெடிக்கும் அளவைத் தாண்டிச் சேர்ந்திருந்தது, ஏதோ ஒரு சிறு பொறி பற்றவைத்துவிட்டது என்று விசாரணை கூறியது. ஆக்சிஜனை நீக்கும் கருவியும் அதை அளந்து எச்சரிக்கும் கருவியும் சரியாக இருந்திருந்தால் அந்த இரண்டு பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

சீனாவின் சின்ஜியாங்கில் உள்ள குச்சாவில் சினோபெக் நிறுவனம் 260 மெகாவாட் மின்னாற்பகுப்பு ஆலையை 2023இல் ஓடவிட்டது. ஆண்டுக்கு 20,000 டன் என்பது திட்டம். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஆலை திட்டமிட்ட அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஓடுகிறது, குறைந்த சுமையில் கலங்களைப் பாதுகாப்பாக ஓட்டுவது சிக்கலாக இருக்கிறது என்று ப்ளூம்பெர்க்கின் ஆற்றல் ஆய்வுப் பிரிவு தெரிவித்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பெரும் முதலீட்டில் பாதிக்கு மேல் தூங்கியது. காங்னுங்கும் குச்சாவும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்: ஏறி இறங்கும் மின்சாரத்தை இந்தக் கலங்களுக்கு எப்படி ஊட்டுவது என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை.

செயற்கை நுண்ணறிவு மிகவும் பயன்படக்கூடிய இடம் இதுதான் என்பது என் முடிவு. காற்று எப்போது ஏறும், எப்போது விழும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிந்தால், பத்துக் கலத் தொகுப்புகளில் நான்கை முன்னதாகவே நிறுத்திவிட்டு ஆறை முழுச் சுமையில் ஓட்டலாம். எல்லாவற்றையும் குறைந்த சுமையில் தள்ளாட விட வேண்டாம். 2019இல் டீப்மைண்ட் நிறுவனம் அமெரிக்காவில் 700 மெகாவாட் காற்றாலைகளின் உற்பத்தியை 36 மணி நேரம் முன்னதாகக் கணித்து, மின்கட்டத்துக்கு வாக்குறுதி தர வைத்தது. அதனால் அந்த மின்சாரத்தின் மதிப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது என்று அறிவித்தார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் காற்றாலை மின்சாரத்தை முன்கணிக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. ஆடிக் காற்றில் நம் தென்மாவட்டக் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை மாலை, நள்ளிரவு, விடியல் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள், ஹைட்ரஜன் ஆலைக்குத் தேவையானதில் பாதியை ஏற்கெனவே கற்றுவிட்டார்கள்.

அடுத்த பயன், கலத்தின் உடல்நிலையை அறிவது. தண்ணீர் பிரியக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும்; நடைமுறையில் 1.8 முதல் 2 வோல்ட் வரை கொடுக்கிறோம். கலம் மூப்படைய மூப்படைய இந்த எண் மணிக்கு மைக்ரோவோல்ட் கணக்கில் மெல்ல ஏறும். நூற்றுக்கணக்கான கலங்கள் அடுக்கிய ஒரு தொகுப்பில் எந்த ஒரு கலத்தின் எண் மற்றவற்றோடு சேராமல் விலகுகிறது என்பதை ஆண்டு முழுவதும் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்க மனிதனால் முடியாது, நிரலால் முடியும். படலத்தில் ஊசிமுனைத் துளை விழுவதற்கு முன்பே அந்தக் கலத்தைக் கழற்றிவிடலாம்.

ஆனால் 2 சதவீதத்தில் ஆலையை நிறுத்தும் அந்தப் பூட்டு இருக்கிறதே, அதை இந்த நிரலின் கையில் கொடுக்கவே கூடாது. அது தனிச் சென்சார், தனிக் கம்பி, தனி ரிலேயாக இருக்க வேண்டும். நிரல் ஓட்டச் சொன்னாலும் பூட்டு நிறுத்தச் சொன்னால் ஆலை நிற்க வேண்டும். கற்றுக்கொள்ளும் எந்திரம் தான் பார்த்த நாட்களை வைத்துத்தான் பேசும். விபத்து என்பது அது பார்க்காத நாள். உற்பத்தி குறைகிறது என்று சொல்லி எந்த மேலாளர் வந்து கேட்டாலும், இந்தப் பூட்டைத் தளர்த்தக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று இங்கே இருக்கும் இளம் பொறியாளர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி ரோபோவின் கைகளுக்கு வருவோம்.

2022 நவம்பர் 15ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் ஆர்ட்டெமிஸ்-1 ராக்கெட் ஏவுதளத்தில் நின்றது. அதன் அடிப்பகுதியில் மட்டும் சுமார் 20 லட்சம் லிட்டர் திரவ ஹைட்ரஜன். செப்டம்பரில் ஒருமுறை ஹைட்ரஜன் கசிவால் புறப்பாடு நின்றுபோயிருந்தது. அன்றும் ஏவுமேடையின் ஒரு வால்வில் கசிவு தெரிந்தது. மூன்று பணியாளர்கள், நிரப்பிய ராக்கெட்டின் அடியில் போய், நட்டுகளை இறுக்கிவிட்டுத் திரும்பினார்கள். சில மணி நேரத்தில் ராக்கெட் கிளம்பியது. உலகம் அவர்களைப் பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் நாசா போன்ற அவ்வளவு பெரிய நிறுவனத்தில், அந்த இடத்துக்கு மூன்று மனிதர்கள் போக வேண்டியிருந்தது என்பதை நான் கவலையோடு பார்க்கிறேன்.

ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும். பற்றவைக்கத் தேவையான பொறி, சமையல் எரிவாயுவுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. நாசாவின் சோதனைத் தளங்களில் அந்தக் காலத்தில் துடைப்பத்தை முன்னே நீட்டிப் பிடித்தபடி நடப்பார்களாம். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று பொருள். இன்று அந்தத் துடைப்பத்தின் இடத்தில் புற ஊதாக் கேமராவும், கசிவின் மீயொலியைக் கேட்கும் ஒலிவாங்கியும், வாயுச் சென்சாரும் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கும் நான்கு கால் ரோபோக்களும் வந்துவிட்டன. ஸ்விட்சர்லாந்தின் எனிபாட்டிக்ஸ் நிறுவனம் வெடிவாயுச் சூழலுக்கென்றே எனிமல் எக்ஸ் என்ற ரோபோவைச் செய்திருக்கிறது.

இங்கே பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரோபோவுக்குள் மோட்டார் இருக்கிறது, மின்கலம் இருக்கிறது, தேய்ந்து சூடாகும் மூட்டு இருக்கிறது. கசிவைத் தேடப்போன ரோபோவே தீப்பொறியாகிவிடக்கூடும். வெடிவாயுக்களைப் பிரித்திருக்கும் சர்வதேச அட்டவணையில் ஹைட்ரஜன் இருப்பது மிகக் கடுமையான ஐஐசி பிரிவில். புரோபேன் இருக்கும் இடத்துக்குச் சான்று பெற்ற கருவி ஹைட்ரஜனுக்குப் பொருந்தாது. யார் எந்த ரோபோவை விற்க வந்தாலும், கேமராவின் தரத்தைக் கேட்பதற்கு முன் இந்தச் சான்றைக் கேளுங்கள்.

நார்வேயின் சான்ட்விகாவில் 2019 ஜூன் 10ஆம் தேதி ஒரு ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் வெடித்தது. அந்த அதிர்வில் பக்கத்துச் சாலையில் போன கார்களின் ஏர்பேக்குகள் விரிந்துகொண்டன. காரணம் தேடியபோது உயர் அழுத்தத் தொட்டியின் ஒரு மூடியில் உள்பக்க போல்ட்டுகள் வேண்டிய அளவு இறுக்கப்படவில்லை என்று தெரிந்தது. படலமோ வினையூக்கியோ மென்பொருளோ காரணமில்லை. அந்தக் குறையின் விலையாகப் பல நிலையங்கள் மூடப்பட்டன, ஹைட்ரஜன் கார் விற்பனையே அங்கே சில காலம் நின்றது. போல்ட்டை அளவோடு முடுக்கி, முடுக்கிய அளவை அப்போதே பதிவேட்டில் எழுதும் ரோபோக் கைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. 2023 நவம்பரில் பெர்லினில் சீமென்ஸ் எனர்ஜியும் ஏர் லிக்விட் நிறுவனமும் திறந்த மின்னாற்பகுப்புக் கலத் தொழிற்சாலையில் கலங்களை அடுக்குவது ரோபோக்கள்தான். டொயோட்டா மிராய் காரின் எரிபொருள் மின்கலத்தில் 330 கலங்கள். அத்தனையும் ஒரே சீராக அமைய வேண்டும். கை சற்று நடுங்கினாலும் பிழைதான்.

கசிவைப் பற்றி இன்னும் ஒன்று. ஹைட்ரஜன் நேரடியாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இல்லை. ஆனால் காற்றில் மீத்தேனைச் சிதைக்கும் மூலக்கூறுகளை அது தின்றுவிடுவதால் மீத்தேன் கூடுதல் நாள் தங்குகிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஹைட்ரஜன் கசிவு ஏறத்தாழ 11.6 கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமம் என்று மதிப்பிட்டது. வெடிக்காத சிறு கசிவையும் தேடிப் பிடிக்க இதுவே போதுமான காரணம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 ஜனவரி 4ஆம் தேதி தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. ஹைட்ரஜன் மையங்களாக்கத் தேர்ந்தெடுத்த துறைமுகங்களில் நம் வ.உ. சிதம்பரனார் துறைமுகமும் ஒன்று. 2025 செப்டம்பரில் இங்கே ஒரு முன்னோடி ஆலை தொடங்கியது. மணிக்கு 10 கன மீட்டர், எடையில் சொன்னால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அது மின்சாரம் தருகிறது. சிறிய ஆலைதான், ஆனால் தொடக்கத்தில் சிறியதாக இருப்பது நல்லது. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் பொறியாளர்கள் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்காகத் திரவ ஹைட்ரஜனைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறார்கள். சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி உருவாகி, 2025 ஜூலையில் சோதனை கண்டது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் எரிபொருள் மின்கலத்துக்கென்றே மத்திய அரசின் ஆய்வு மையம் இயங்குகிறது. வேறு பல மாநிலங்களுக்கு வாய்க்காத அனுபவம் இது. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுவருக்குள் இருக்கிறது.

இயந்திரம் வந்தால் வேலை போகுமா என்று உங்களில் பலர் மனத்தில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கசிவுள்ள வால்வின் அடியில் போய் நிற்கும் வேலை போகட்டும் என்றே நான் விரும்புகிறேன். சென்சாரை அளவு சரிபார்ப்பவர், ரோபோவைப் பழுது பார்ப்பவர், நிரல் சொன்னதை நம்பலாமா என்று வேதியியல் தெரிந்து தீர்ப்பளிப்பவர் ஆகியோருக்குப் பற்றாக்குறைதான் வரும். ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. அதற்கான பயிற்சியை ஆலை வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்; இப்போதே தொடங்க வேண்டும்.

கடைசியாக என் வேண்டுகோள். வினையூக்கி ஆய்வு இவ்வளவு வேகமாக நகரக் காரணம், 26 கோடிக் கணக்குகளை ஒரு குழு பூட்டிவைக்காமல் பொதுவில் வைத்தது. ஆலை ஓட்டத்துக்கு அப்படியொரு தரவு நம்மிடம் இல்லை. பொதுப்பணத்தில் கட்டிய முன்னோடி ஆலை ஒவ்வொன்றும், நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு மின்சாரம் வந்தது, ஒவ்வொரு கலத்தின் வோல்ட் என்ன, ஆக்சிஜனில் ஹைட்ரஜன் எத்தனை சதவீதம், எந்தச் சென்சார் பொய் சொன்னது, எந்தப் போல்ட் தளர்ந்தது, எந்த நாளில் ஆலை ஏன் நின்றது என்ற பதிவுகளை மாதந்தோறும் வெளியிட வேண்டும். விபத்து நேராமல் தப்பிய தருணங்களை ஒளிக்காமல் எழுத வேண்டும். தூத்துக்குடி ஆலையிலிருந்து இது தொடங்கட்டும். துறைமுக நிர்வாகத்திடமும் மத்திய அமைச்சகத்திடமும் இதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு கேளுங்கள். தரவு வந்ததும் அதைத் திறந்து படிக்கும் முதல் கை இந்த மாவட்டத்து மாணவர் ஒருவருடையதாக இருக்கட்டும்.